பைபிள் வாசிப்பு: வருடத்தில் முழு வேதமா, மாதத்துக்கு அதில் ஒரு புத்தகமா?

நேரம்
முழு வேதம்: மொத்தம் 1189 அதிகாரங்கள். நாளுக்கு 3, ஞாயிறன்று 5 என்று போனால் வருடத்தில் முடிந்துவிடும்.
ஒரே புத்தகம்: உதாரணமாக, பவுல் எழுதிய பிலிப்பியர் நிருபத்தில் 4 அதிகாரங்கள்தான். மாதம் முழுக்கத் தினமும் ஒருமுறை அதையே வாசிக்கலாம்.

எங்கே தடுமாறும்
முழு வேதம்: இரண்டாம் புத்தகமான யாத்திராகமத்தின் 25-ஆம் அதிகாரத்தில் வழிபாட்டுக் கூடார அளவுகள் தொடங்கும், பின்னாலேயே அடுத்த புத்தகமான லேவியராகமத்தின் பலிகள். ஜனவரியில் ஆரம்பித்த பலரும் இங்கேதான் நிற்கிறார்கள். நான்கு நாள் விட்டால் குறைந்தது 12 அதிகாரம் பாக்கி. அதை ஒரே இரவில் அடைக்கப் பார்த்தால் மறுநாள் வேதத்தையே திறக்க மனம் வராது. விட்டது விட்டதுதான், அன்றைய பகுதியில் சேர்ந்துகொள்ளுங்கள்.
ஒரே புத்தகம்: பிடித்ததையே சுற்றி வருவோம். ஆபகூக் மாதிரி அதிகம் வாசிக்கப்படாத சிறு புத்தகங்களின் பக்கங்கள் புதுசாகவே இருக்கும்!

மனதில் நிற்பது
முழு வேதம்: கதையோட்டம் பிடிபடும், வசனங்கள் தங்காது.
ஒரே புத்தகம்: பிலிப்பியர் 4:4-இல் "சந்தோஷமாயிருங்கள்" என்று சொல்லும் பவுல் 1:13-இல் சிறைக் கட்டுகளில் இருக்கிறார் என்பது பத்தாவது வாசிப்பில் உறைக்கும்.

இதுவரை முழுதும் வாசிக்காதவர் முதலாவதை எடுக்கலாம், இரண்டு வருடமானாலும் தப்பில்லை. வாசித்தும் ஒன்றும் ஒட்டவில்லை என்பவருக்கு இரண்டாவது. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்கு சுவிசேஷத்திலிருந்து தொடங்கட்டும். 16 அதிகாரங்கள், நாளுக்குப் பாதி அதிகாரம் போதும்.