மங்கிய முகப்பு விளக்குகளுக்கு மெருகூட்டும் பெட்டி

வெயிலிலேயே நின்றுவந்த என் காரின் முகப்பு விளக்குகள் மஞ்சள் படிந்து மங்கியதால், டிரில்லில் பொருத்தித் தேய்க்கும் தாள்களும் பாலிஷும் அடங்கிய மெருகூட்டும் பெட்டி (கிட்) ஒன்றை வாங்கினேன். பாலிகார்பனேட் எனும் கடினப் பிளாஸ்டிக்காலான விளக்கு மூடியின் மேலுள்ள புற ஊதாக் காப்புப் பூச்சு சிதைவதே மங்கலுக்குக் காரணம் என்பதால், பலர் கைவைத்தியமாகத் தேய்க்கும் பற்பசை தரும் பளபளப்பு நெடுநாள் நிற்பதில்லை. இதிலோ எண் கூடக்கூட நயமாகும் 800, 1500, 3000 எண் உப்புத்தாள்களால் வரிசையாக நீர் தெளித்துத் தேய்த்து, பின்னர் பாலிஷ் போட வேண்டும். இடையில் ஒரு தாளைத் தவிர்த்தால், முந்தைய தாளின் கீறல்கள் இறுதிவரை மறைவதில்லை. இரண்டு மணி நேர உழைப்புக்குப் பின் கிடைத்த தெளிவு, இரவுப் பயணத்தில் எனக்குப் பெரும் நிம்மதியைத் தந்தது. ஆனால், பெட்டியில் காப்புப் பூச்சு இல்லாதது பெருங்குறை. அதைத் தனியே வாங்கிப் பூசாவிட்டால் மஞ்சள் விரைவில் திரும்பிவிடும். விளக்கின் உட்புறம் படிந்த ஈரத்துக்கு இது பயன்படாது.