பிள்ளையை முதுகில் சுமக்கும் பை: தாந்தாமலைக்குச் சரி, கடற்கரைக்குச் சரிவராது

கனடாவில் இருக்கும் மச்சாள், தன் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் எங்களுக்குத் தந்துவிட்டுப் போன பை இது. துணிக்குள் அலுமினியச் சட்டம், நடுவில் பிள்ளை இருக்க ஒரு ஆசனம், மேலே வெயிலுக்கு மடக்குக் கூரை. வெறும் பையே மூன்றரைக் கிலோ. பை, பிள்ளை, சாமான் எல்லாம் சேர்த்து 22 கிலோவைத் தாண்டக் கூடாது என்று உள்ளே எழுதித் தைத்திருக்கிறார்கள். சின்னவளுக்கு இரண்டு வயது, 12 கிலோ. தண்ணீர்ப் போத்தல், மாற்றுடுப்பு, பிஸ்கட்டோடு கணக்குச் சரியாக வருகிறது. மூத்தவனுக்கு ஐந்து வயது. அவன் தன் காலில்தான்.

மாமிக்குப் பார்த்தவுடனே பிடிக்கவில்லை. "இந்தக் கூட்டுக்குள்ளயா புள்ளய வைக்கப்போறாய்? உன்ட புருசன நான் இடுப்பில வைச்சுக்கொண்டே கதிர்காமம் நடந்தனான்" என்றார். கதிர்காமத்து ஆடிவேல் திருவிழாக் காலத்தில் உகந்தையிலிருந்து குமணக் காட்டுக்குள்ளால் அங்கே நடக்கிற சனத்தைப் பார்த்தவர்களுக்கு அதிலும் நியாயம் தெரியும். ஆனால் இடுப்பில் பிள்ளை இருந்தால் ஒரு கை போய்விடும். மட்டக்களப்பில் முருகன் கோயில் இருக்கும் பாறை மலையான தாந்தாமலையில் எனக்கு இரண்டு கையும் வேண்டும். ஒன்று பாறையைப் பிடிக்க, மற்றது மூத்தவனைப் பிடிக்க.

இந்தப் பையின் உயிர் இடுப்புப் பட்டிதான். முதலில் அதை இறுக்கிப் பூட்டி, அப்புறம்தான் தோள்பட்டிகளை இழுக்க வேண்டும். பாரம் தோளை விட்டு இடுப்புக்கு இறங்கிவிடும். மாறிச் செய்தால் அரைமணி நேரத்தில் கழுத்து நோகும். பிள்ளையின் கால் வைக்கும் வளையங்களையும் உயரம் பார்த்துக் கட்ட வேண்டும். கால் தொங்கினால் விறைத்துப்போய்ச் சிணுங்கத் தொடங்குவாள்.

மண்முனைப் பாலம் கடந்து கொக்கட்டிச்சோலை வழியாகக் காலையிலேயே போய்ச் சேர்ந்தால், பாறை சுட முன்னர் ஏறி இறங்கலாம். வாவிக்கு மேற்குப் பக்கமான இந்தப் படுவான்கரையில் யானைப் பயம் இருப்பதால் கோயிலடியில் ஆட்களிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறுவோம். பிள்ளையின் தலை நம் தலையைவிட உயரத்தில் இருக்கும். நாம் குனிந்து நுழைகிற கொப்பு அவள் முகத்தில் அடிக்கும். முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்துத் தாழ வேண்டும். முன்னால் போய் "அம்மா, கொப்பு!" என்று கத்துவது மூத்தவனுக்குக் கொடுத்த உத்தியோகம். அந்தப் பதவி கிடைத்ததிலிருந்து அவன் கால் நோகுது என்று சொல்வதில்லை.

பெரிய குறை வெக்கை. சுமப்பவருக்கு வியர்த்தாலும் அசையாமல் இருக்கிற பிள்ளைக்குக் குளிரும், கவனம் என்று கையேட்டில் எழுதியிருக்கிறது. அது பனி நாட்டுக்காரரின் கவலை. இங்கே ஆனி, ஆடியில் அந்த ஆசனத்துக்குள் கை விட்டுப் பாருங்கள், அவிந்து கிடக்கும். முதுகுப் பக்கம் காற்றோட வலை வைத்திருக்கிறார்கள், ஆனால் வருகிற காற்றே சூடு. அவள் தூங்குகிறாளா, வாடிப்போனாளா என்று நமக்குத் தெரியவும் தெரியாது. சின்னக் கண்ணாடி ஒன்றைத் தோள்பட்டியில் கட்டியிருக்கிறேன். நிழல் கண்ட இடமெல்லாம் இறக்கித் தண்ணீர் கொடுப்பேன்.

கீழே விரியும் தாங்கியைச் சமதரையில் மட்டும் நம்பலாம். பாறைச் சரிவில் பிள்ளையோடு நிறுத்திவிட்டுக் கையை எடுக்கவே கூடாது.

அறுகம்பைக் கடற்கரையில் இருக்கும் யானைப் பாறைக்கும் பையைக் கொண்டுபோனோம். மணலைக் கண்டதும் சின்னவள் இறங்கிவிட்டாள், பிறகு ஏறவேயில்லை. வெறும் பையை என் கணவர் சுமந்தார். மாமிக்கு இதை நாங்கள் சொல்லவில்லை.

புதிதாக வாங்கச் சொல்ல மாட்டேன். மூன்று வயது தாண்டினால் பிள்ளையும் பாரம், அதற்கு நடக்கவும் ஆசை வந்துவிடும். சொந்தத்துக்குள் கைமாறி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். சட்டத்தின் மூட்டுகளில் வெடிப்பு இருக்கிறதா, பிள்ளையைக் கட்டும் பட்டிகளின் தையல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள், கொளுக்கிகளைப் பூட்டி இழுத்தும் பாருங்கள். எங்கள் பையில் ஆசனத் துணி கழற்ற வராது. கிணற்றடியில் வைத்து முழுப் பையையும்தான் கழுவ வேண்டும், மார்கழி மழையில் கழுவினால் காயாமல் மணக்கும்.