புலித் தைலம்: வெள்ளை எதற்கு, சிவப்பு எதற்கு?

ரங்கூனில் பிறந்த தைலம் என்பதால் இங்குள்ள தமிழர் வீடுகளில் புலித் தைலத்துக்குத் தனி உரிமை. 1870களில் ஆவ் சு கின் இங்கே தொடங்கிய எங் ஆன் தோங் மருந்துக்கடைதான் இதன் மூலம். மகன்கள் 1926இல் தொழிலைச் சிங்கப்பூருக்கு நகர்த்தினார்கள். சிலர் சந்தேகப்படுகிறார்களே, அதற்காக: புலிக்கொழுப்பு எதுவும் இதில் கிடையாது.

எட்டணா வலிக்கெல்லாம் சிவப்பை அப்பிக்கொள்வதுதான் பலர் செய்யும் தவறு. மென்தால் வெள்ளையில் 8 சதவீதம், சிவப்பில் 10. இரண்டிலும் கற்பூரம் உண்டு. அதன் அளவு நாட்டுக்கு நாடு மாறும், டப்பாவைப் பாருங்கள். சிவப்பில் சீன இலவங்கப்பட்டை எண்ணெயும் சேருவதால் தோல் காந்தும். ஆகவே முதுகு, தோள், கெண்டைக்கால் பிடிப்புக்குச் சிவப்பு, தலைவலிக்கு வெள்ளை. வெள்ளை வேட்டியில் சிவப்புப் பட்டால் கறை போகாது.

தலைவலிக்குப் பட்டாணி அளவு போதும். இரண்டு நெற்றிப்பொட்டிலும் பரப்பி மெல்லத் தேய்க்க வேண்டும், கண்ணுக்கு இரண்டு விரல் தள்ளியே. இறுக்கத் தலைவலிக்கு இது பாரசிட்டமாலுக்கு ஏறக்குறைய ஈடாக வேலை செய்ததாக 1996இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு சொல்கிறது. சுக்கை உரைத்துப் போடும் பற்றும் இதே வேலையைத்தான் செய்கிறது: தோலில் எரிச்சல் ஏற, உள்வலி மறக்கிறது. ஆனால் பற்று காய்ந்து வெடிக்கும்வரை விட்டால் நெற்றி புண்ணாகும். தைலத்தில் அந்தத் தொல்லை குறைவு.

சளிக்கு? பாதி ஏமாற்றுதான். மென்தால் குளிர்ச்சி நரம்பைத் தூண்டுவதால் மூச்சு தாராளமாகப் போவதுபோல் தோன்றும்; அடைப்பு அப்படியே இருக்கும். இதைவிட நொச்சி ஆவிக்கே என் ஓட்டு. பாத்திரம் ஆடாத மேசையில் இருக்கட்டும், குழந்தைகளுக்கு வேண்டாம்.

பூசிய இடத்தில் கட்டுப் போடுவது, வெந்நீர்ப் பையை வைப்பது, குளித்த சூட்டோடு தேய்ப்பது, இவை மூன்றும் தோலைப் பொசுக்கும். எரிந்தால் தண்ணீரை ஊற்றாதீர்கள். பாரபின் மெழுகுக் கலவை தண்ணீருக்கு மசியாது. சமையல் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு சோப்புப் போடுங்கள். வெட்டுக்காயம், சொறி மீது கூடவே கூடாது.

இரண்டு வயதுக்குள் குழந்தைக்கு மூக்கருகே, நெஞ்சில், உள்ளங்காலில் எங்கும் வேண்டாம், மூச்சுக்குழல் சுருங்கிவிடக்கூடும். விழுங்கினால் கற்பூரம் வலிப்பைக் கொண்டுவரும், உடனே ஆஸ்பத்திரிதான். தாத்தா பாட்டி இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் மாத்திரை சாப்பிடுபவர்களானால் விண்டர்கிரீன் எண்ணெய் கலந்த மற்றத் தைலங்களை அவர்களுக்குத் தேய்க்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

ரங்கூன் தெய்ன்ஜி சந்தையில் வாங்கும்போது மூடிக்கடியில் முத்திரை உடையாமல் இருக்கிறதா, தேதி தாண்டவில்லையா என்று பாருங்கள். 19.4 கிராம் புட்டியே ஒரு வீட்டுக்குப் போதும். பங்குனி சித்திரை வெயிலில் இளகும். மூடியை இறுக்கி, நிமிர்த்தி நிழலில் வையுங்கள். மூடி தளர்ந்தால் வாசனை எண்ணெய் பறந்துபோய், மெழுகுதான் மிஞ்சும்.