ரிவால்வரைச் சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் சொடுக்குகளை எண்ணிக்கொள்ளுங்கள்

என் மாமனாரின் மறைவுக்குப் பின் முறைப்படி என் உரிமத்தில் ஏற்றப்பட்ட கோல்ட் (Colt) நிறுவனத்தின் பழைய சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரை (ஒவ்வொரு முறை சுடும் முன்பும் ஹேமர் எனும் பின்புறச் சுத்தியலைக் கையால் இழுக்க வேண்டிய வகை), 2024 மக்களவைத் தேர்தலையொட்டி, பெங்களூருவில் உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்திருந்தேன். சும்மா கிடக்கும் நாள்களில் முழுவதும் பிரித்துச் சர்வீஸ் செய்து தருவதாகக் கடைக்காரர் சொன்னார், நானும் தலையசைத்தேன். ஜூன் மாதம் திரும்ப வாங்கியபோது, “உள் ஸ்பிரிங் புதிதாக மாற்றப்பட்டது” என்ற ரசீதுடன் 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

அல்சூரில் வீட்டுக்கு வந்ததும், ஹேமரைப் பாதியளவு இழுத்து, பக்கவாட்டுக் கதவைத் திறந்து, சிலிண்டர் எனும் சுழலும் உருளையில் தோட்டாக்களுக்கான ஆறு அறைகளும் காலியாக இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டேன். பிறகு ஹேமரை முழுவதுமாக இழுத்தேன். இந்த வகை ரிவால்வரில் அப்போது நான்கு சொடுக்குகள் கேட்க வேண்டும்: முதலாவது பாதுகாப்பு வெட்டு (ஹேமரைச் சற்றே இழுத்த நிலையில் பிடித்து நிறுத்தும் பள்ளம்), இரண்டாவது தோட்டா நிரப்பும் நிலை, மூன்றாவது சிலிண்டரைப் பூட்டும் போல்ட் மேலெழும் ஓசை, நான்காவது முழு இழுப்பு. எனக்கு மூன்றுதான் கேட்டன. முழுவதும் இழுத்த நிலையிலும் சிலிண்டர் விரல்பட்டால் பம்பரம்போல் சுழன்றது. அந்நிலையில் சுட்டால் அறையும் குழலும் நேர்கோட்டில் நில்லாமல் குண்டு குழலின் விளிம்பில் மோதக்கூடும் என்பதால், தோட்டாக்கள் இருந்த பெட்டியை நான் திறக்கவேயில்லை.

சுத்தம் செய்வதற்காகப் பலமுறை பிரித்துச் சேர்த்த கை என்பதால் அன்றும் பிரித்தேன். கைப்பிடிச் சட்டத்தைப் பிடித்திருக்கும் ஆறு ஸ்குருக்களில் நான்கின் தலைப்பள்ளம் பிய்ந்திருந்தது. நுனி சரிந்த சாதாரண ஸ்குரு டிரைவர் பள்ளத்தின் மேல்விளிம்பை மட்டுமே பிடிக்கும், அழுத்தினால் நழுவும்; பள்ளத்தின் அடிவரை பொருந்தும்படி நுனியை இணையாகத் தீட்டியதே இதற்குத் தேவை. (அந்தக் கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்குரு டிரைவர்தான் போலும்.) உள்ளே, போல்டையும் டிரிகரையும் சேர்த்து அழுத்தும் இரு கால் கொண்ட பட்டை ஸ்பிரிங்கில் ஒரு கால் முறிந்திருந்தது. அது புதியதும் அல்ல: முந்தைய ஆண்டு நான் எடுத்த படத்தில் உள்ள அதே துருப்புள்ளி அதே இடத்தில் இருந்தது. மாற்றாததற்குப் பணம் வாங்கியதோடு, இருந்ததையும் உடைத்திருக்கிறார்கள்.

அந்தக் கடையில் படத்தைக் காட்டியபோது, “சார், பழைய பொருள், அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். ஒப்படைப்புச் சீட்டில் ஆயுத எண்ணைத் தவிர அதன் நிலை குறித்து ஒரு வரியும் இல்லாததால் என்னால் மேற்கொண்டு வாதாட முடியவில்லை. அந்தப் பிழை என்னுடையது.

ஆயுதச் சட்டப்படி பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும் என்பதால், நானே ஸ்பிரிங் செய்து பொருத்தும் எண்ணத்தை விட்டு, உரிமமுள்ள வேறொரு கடையில் கொடுத்திருக்கிறேன். இம்முறை ஸ்குருத் தலைகளை அவர்கள் முன்னிலையிலேயே படமெடுத்து, “சொடுக்குகள் மூன்று, ஸ்பிரிங்கின் ஒரு கால் முறிவு” என்று ரசீதில் எழுதி வாங்கிய பிறகே கடையைவிட்டு இறங்கினேன்.