280 வெள்ளி போச்சு: மோடம் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

280 வெள்ளி. நேத்துதான் முழு விஷயமும் தெரிஞ்சுது, ராத்திரி தூக்கமே வரல. இன்னொரு வீட்ல இது நடக்கக் கூடாதுன்னு காலையில எழுந்ததும் எழுதுறேன்.

போன சனிக்கிழமை சிங்கப்பூர் ஈசூன்ல எங்க வீட்டு இன்டர்நெட் நின்னுபோச்சு. தீபாவளிக்காக ஷோகேஸை நகர்த்தித் துடைச்ச மறுநாள். ஃபைபர் மோடத்துல பவர் விளக்கு பச்சையா எரியுது, எல்ஓஎஸ்னு (சிக்னல் வரலைன்னு காட்டுறது) போட்டிருக்கிற விளக்கு மட்டும் சிவப்பா விட்டு விட்டு மின்னுது. கம்பெனிக்குப் போன் பண்ணினா செவ்வாய்க்கிழமைதான் ஆள் வருவாங்களாம். திங்கட்கிழமை எனக்கு வீட்டிலிருந்து வேலை. அவசரத்துல, பொருள் வாங்க விற்க எல்லாரும் வச்சிருக்கிற ஒரு செயலியில தேடினேன். தமிழ்ப் பேரு, அஞ்சு நட்சத்திரம், “ஒரு மணி நேரத்தில் வருவோம்”.

வந்துட்டான், சரியா ஒரு மணி நேரத்துல. அம்மா போட்ட டீயைக் குடிச்சுட்டு, “நம்மாளுங்ககிட்ட நான் அதிகம் வாங்க மாட்டேன்க்கா”ன்னான். அந்த ஒரு வார்த்தையிலதான் நான் விழுந்தேன்.

எங்க அப்பா டயல்-அப் காலத்துல 56கே மோடத்தோட மல்லுக்கட்டின மனுஷன். அப்பல்லாம் லைன் கிடைக்கலைன்னா, முதல்ல சாதாரண போனைச் சுவர்ல இருக்கிற அதே பிளக்குல மாட்டி டயல் டோன் வருதான்னு கேப்பார். டோன் இல்லைன்னா கோளாறு லைன்ல. டோன் இருந்தா, வயரை மோடத்துல ‘லைன்’னு போட்ட இடத்துல மாட்டியிருக்கா, தவறிப்போய் ‘போன்’ங்கிற இடத்துல மாட்டியிருக்கான்னு பார்ப்பார். அதுக்கெல்லாம் அப்புறம்தான் மோடம் மேல சந்தேகப்படுவார். அன்னைக்கும் சோபாவுல உட்கார்ந்தபடியே, “தம்பி, லைனைப் பாத்தீங்களா?”ன்னு கேட்டார்.

“ஐயா, அதெல்லாம் டயல்-அப் காலத்துப் பேச்சு. இது பெட்டியே செத்துப்போச்சு.”

நானும், “அப்பா, அவருக்குத் தெரியும், விடுங்க”ன்னேன். அப்பா ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டிக்கிட்டார். அப்புறம் ஒரு வார்த்தை பேசல.

புது மோடம் 220, வந்ததுக்கு 60, ஆக 280 வெள்ளி. செயலி வழியா கட்டினா கமிஷன் பிடிச்சுக்குவாங்கன்னு சொல்லி, அவன் போன் நம்பருக்கே பேநவ்ல நேரடியா பணம் அனுப்பச் சொன்னான். பண்ணேன். ரசீதை வாட்ஸ்அப்ல அனுப்புறேன்னான். பழைய மோடத்தை, “மின்கழிவுத் தொட்டியில நானே போட்டுடுறேன்க்கா”ன்னு பையில போட்டுக்கிட்டான். புதுசுலயும் அதே சிவப்பு விளக்கு. கேட்டா, ஆக்டிவேட் ஆக 24 மணி நேரம் ஆகுமாம்.

ஞாயிறு: “நாளைக்குப் பாருங்கக்கா.” திங்கள் காலை: “சர்வர் பிரச்சினை.” திங்கள் ராத்திரி: “பாஸ்கிட்ட கேட்டுச் சொல்றேன்.” செவ்வாய்: ஒரே ஒரு டிக், அதோட சரி. பிளாக் பண்ணிட்டான். செயலிக்காரங்களுக்கு மூணு தடவை எழுதினேன். பணம் செயலிக்கு வெளியே கைமாறினதால தலையிட முடியாதுன்னு மூணு தடவையும் எழுத்து மாறாம ஒரே பதில். அந்த ஆளோட விளம்பரம் இன்னும் அங்கேயேதான் இருக்கு!

நேத்து சாயங்காலம் கம்பெனி ஆள் வந்தார். பெட்டியைத் தொடவே இல்ல. சுவர்ப் பெட்டியிலிருந்து வர்ற மெல்லிசு கேபிளை விரலால தடவிக்கிட்டே போய் ஷோகேஸ் பின்னாடி நின்னார். அதோட கால் கேபிள் மேல ஏறி நிக்குது, கொண்டை ஊசி மாதிரி மடங்கிக் கிடக்குது. ஃபைபர்ல போறது வெளிச்சம், இப்படி மடிஞ்சா அது மோடத்துக்கு வந்தே சேராது. அதைத்தான் அந்தச் சிவப்பு விளக்கு நாலு நாளா சொல்லிக்கிட்டிருந்துச்சு. வேற கேபிள் மாட்டி, கையில இருந்த மீட்டர்ல பார்த்தார், சரியாயிருந்துச்சு. அப்பா கேட்ட அதே கேள்வி. லைன்.

அடுத்து அவர் சொன்னதுதான் இடி. மோடத்தோட சீரியல் நம்பரை கம்பெனி பதிவு பண்ணினாத்தான் அது வேலை செய்யுமாம். எனக்கு 220 வெள்ளிக்கு வித்த பெட்டி எங்க லைன்ல என்னைக்குமே உயிர் வராதாம். அவன் தூக்கிட்டுப் போனது கம்பெனி சொத்து, அதுக்குத் தனியா காசு கட்டணும்.

விவரமா எழுதத்தான் நினைச்சேன், இப்ப முடியல. சிவப்பு எல்ஓஎஸ் மின்னினா பெட்டியை மாத்தாதீங்க, கேபிள் எங்கயாவது நசுங்கியிருக்கா பாருங்க. கழட்டின கேபிள் முனையைக் கண்ணுகிட்ட கொண்டு போகாதீங்க, உள்ளே வர்றது லேசர். செயலிக்கு வெளியே காசு கொடுக்காதீங்க. யூஇஎன் நம்பர் (கம்பெனியோட பதிவு எண்) போட்ட ரசீது வாங்குங்க. பழைய மோடத்தை யார்கிட்டயும் கொடுக்காதீங்க.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துல இந்தத் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான், 2 வருஷத்துக்குள்ள போடலாம். ஆனா யார் பேர்ல போடுறது? என்கிட்ட இருக்கிறது ஒரு போன் நம்பரும் ஒரு பட்டப்பேரும். நாளைக்குப் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போறேன். ஈசூன், செம்பவாங் பக்கம் இதே மாதிரி யாராவது ஏமாந்திருந்தா எனக்குத் தனியா எழுதுங்க, சேர்ந்தே புகார் கொடுப்போம்.