ஹோ சி மின் நகரத்தில் சாப்பிடப் போகிறவர்கள் கவனத்துக்கு

நம் ஊர்களிலிருந்து வியட்நாமுக்குக் குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறார்கள். அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

பென் தான் சந்தைக்குப் பக்கம், மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு நானும் அம்மாவும் ஒரு சிறிய ஃபோ (வியட்நாம் நூடுல்ஸ் சூப்) கடையில் மதியம் சாப்பிட்டோம். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. பில்லை ஏற்றி, கொடுத்த நோட்டையும் மாற்றிக் காட்டி எங்களை ஏமாற்றப் பார்த்தார்கள். அந்த வட்டாரத்தில் இந்த வேலையைச் செய்வது அந்த ஒரு கடைதான் என்று நான் நம்பவில்லை.

சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். அன்னாசிப்பூ மணக்கும் சூடான கோழிச் சாறு, அரிசி நூடுல்ஸ், தட்டு நிறையப் பச்சிலையும் எலுமிச்சையும். விலை அட்டையில் ஒரு கிண்ணம் 75 என்று இருந்தது. ஆயிரத்தை விட்டுவிட்டு எழுதுவது அங்கே வழக்கம். வியட்நாம் பணமான டாங்கில் 75 ஆயிரம் என்று பொருள்.

வந்த பில்லில் மொத்தத் தொகை மட்டும்: 3 லட்சத்து 10 ஆயிரம். விவரம் கேட்டதும், பெரிய கிண்ணம் தலா 110, கேட்காமலே வைத்த வேர்க்கடலை 30, ஐஸ் டீ, ஈரத் துடைப்பான் என்று அடுக்கினார்கள். துடைப்பானுக்குச் சில ஆயிரம் டாங் வாங்குவது அந்த ஊர் வழக்கம், அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பெரிய கிண்ணத்தை யார் கேட்டது? விலை அட்டையைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னோம். கடைசிவரை வரவில்லை.

அம்மா களைத்திருந்தார். சண்டை வேண்டாம் என்று 5 லட்சம் டாங் நோட்டைக் கொடுத்தேன். பரிமாறியவர் கல்லாப் பக்கம் திரும்பினார். உடனே என் முன்னால் 20 ஆயிரம் நோட்டை நீட்டி, நான் தந்தது இதுதான் என்றார்.

இரண்டுமே நீலம். இரண்டிலும் வியட்நாம் தலைவர் ஹோ சி மின் படம். 5 லட்சம் நோட்டு சற்று நீளம், அதன் பின்புறம் அவர் வளர்ந்த கிராமத்து வீடு இருக்கும். 20 ஆயிரத்தில் ஹோய் ஆன் ஊரின் கூரை போட்ட பழைய பாலம். நம் பணத்தில் ஒன்று ஏறத்தாழ 1,700 ரூபாய், மற்றது 70 ரூபாய்கூட இல்லை. ஏடிஎம்மில் அப்போதுதான் எடுத்த பணம். என் பையில் 20 ஆயிரம் நோட்டே கிடையாது. பையைத் திறந்து காட்டியும் அந்த ஆள் அசையவில்லை. கல்லாவில் இருந்த பெண்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வயதான ஒரு பெண்ணை நிற்க வைத்துக்கொண்டு இப்படிச் செய்ய எப்படி மனம் வந்ததோ, இன்னும் ஆறவில்லை.

113 போலீஸ் எண்ணை அழுத்தி, போனை அவர்களுக்குக் காட்டினேன். பேச்சு உடனே மாறியது. கல்லாவின் ஓரத்திலிருந்து 5 லட்சம் நோட்டு 'கிடைத்தது'. பில் தொகையைக் குறைக்க மட்டும் மறுத்துவிட்டார்கள்; கொடுத்துவிட்டு வந்தோம்.

போகிறவர்கள் 5 லட்சம் நோட்டையும் 20 ஆயிரத்தையும் பணப்பையில் தனித்தனி அறையில் வையுங்கள். நோட்டை மேசைமேல் விரித்து, தொகையைச் சத்தமாகச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். உட்கார்ந்ததுமே விலை அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சந்தையைச் சுற்றிய சந்துகளில் சுவரிலேயே விலை எழுதி, தாழ்ந்த பிளாஸ்டிக் முக்காலிகளில் உள்ளூர்க்காரர்கள் நெருக்கியடித்துச் சாப்பிடும் கடைகள் இருக்கின்றன. மறுநாள் அப்படி ஒன்றில்தான் சாப்பிட்டோம். எழுதியிருந்த விலையைத்தான் வாங்கினார்கள்.