‘அனீஸி’: டபுள் பேஸின் வழியே கேட்க வேண்டிய ஓர் ஜாஸ் ஆல்பம்

இன்றைய ஜாஸை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று யாராவது கேட்டால், இசிஎம் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் 2021இல் வெளியிட்ட ‘அனீஸி’ ஆல்பத்தைத்தான் தயங்காமல் சொல்வேன். பியானோவில் விஜய் ஐயர், டபுள் பேஸ் என்னும், தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியத்தில் லிண்டா மே ஹான் ஓ, டிரம்ஸில் டைஷான் சோரி என மூவர் மட்டுமே சேர்ந்து வாசித்த பத்து உருப்படிகள் இதில் உள்ளன. தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த விஜய் ஐயர், வயலினை முறையாகப் பயின்றவர். பியானோவைப் பெரும்பாலும் தாமாகவே கற்றுக்கொண்டவர்.

பியானோ முன்னே செல்ல, மற்ற இருவரும் பக்கவாத்தியமாகத் துணை நிற்பார்கள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால், முதல் உருப்படியான ‘சில்ட்ரன் ஆஃப் ஃபிளின்ட்’டிலேயே அந்த எதிர்பார்ப்பு தகர்ந்துவிடும். மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் 2014இல் குடிநீருக்கான ஆதாரத்தை மாற்றியதால் குழாய்களிலிருந்த ஈயம் நீரில் கலந்தது. அந்நகரக் குழந்தைகளை நினைத்து எழுதப்பட்ட இந்த இசையில் அழுகையோ ஆவேசமோ இல்லை, நிதானமான கவலைதான் இருக்கிறது. அடுத்து வரும் ‘காம்பேட் பிரீதிங்’, 2014இல் நியூயார்க்கின் கலையரங்கமான புரூக்ளின் அகாடமி ஆஃப் மியூசிக்கில், கறுப்பின மக்களின் உயிருக்காக எழுந்த இயக்கத்தை ஒட்டி நடந்த நிகழ்ச்சிக்காக உருவானது. இதில் டைஷான் சோரியின் வாசிப்பைக் கவனிக்க வேண்டும்: தாளத்தை ஓங்கி அறைந்து காட்டாமல், எங்கே அழுத்தம் விழப்போகிறது என்று நம்மைக் காத்திருக்க வைக்கிறார். இசையமைப்புக்காக 2024இல் புலிட்சர் பரிசு பெற்றவர் அவர் என்பதில் எனக்கு வியப்பே இல்லை. டிரம்ஸ் வாசிக்கும்போதும் அவர் முழு உருப்படியின் வடிவத்தையும் மனத்தில் வைத்தே வாசிக்கிறார்.

இந்த ஆல்பத்தால் எனக்குக் கிடைத்த பெரிய வரவு ஜெரி ஆலன். 2017இல் மறைந்த இந்தப் பியானோ கலைஞரின் ‘டிரம்மர்ஸ் சாங்’கை இம்மூவரும் எடுத்து வாசித்திருக்கிறார்கள். இடக்கை ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்க, வலக்கை வேறு கணக்கில் நடப்பதைக் கேட்டதும், ஜெரி ஆலனின் சொந்த வாசிப்பைத் தேடிப்போய், பேஸ் கலைஞர் ரான் கார்ட்டர், டிரம்ஸ் கலைஞர் டோனி வில்லியம்ஸ் இருவருடன் அவர் பதிவு செய்த 1994ஆம் ஆண்டு ஆல்பத்தை அடைந்தேன். மிருதங்கத் தனியில் நடை மாறும் கணத்துக்காகக் காத்திருந்து பழகியவர்கள் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் பெருமகிழ்ச்சி அடைவார்கள். இவ்வளவு சிறந்த ஒருவரின் பெயர் ஜாஸ் பற்றிய பேச்சில் அரிதாகவே அடிபடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அமெரிக்கப் பாடலாசிரியர் கோல் போர்ட்டரின் ‘நைட் அண்ட் டே’ கேட்டுப் பழகிய மெட்டு என்பதால், புதியவர்கள் அங்கிருந்தே நுழையலாம். பியானோ தனியாக ஒலிக்கும் ‘ஆகரி’ மட்டும் எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. ‘டிரம்மர்ஸ் சாங்’ ஏற்றிவைத்த சூடு அங்கே சற்றுத் தணிந்துவிடுகிறது. அதற்கடுத்த ‘கான்ஃபிகரேஷன்ஸ்’ அந்த வேகத்தை மீட்டுத் தருகிறது.

ஒலிப்பதிவு மிகத் தெளிவானது. லிண்டாவின் விரல் தந்தியை விட்டு விலகும் ஓசைகூடக் கேட்கிறது என்பதால், கைப்பேசியின் ஒலிபெருக்கியை நம்பாமல் ஓரளவு நல்ல ஹெட்ஃபோனில் கேட்பதே முறை. சிறிய ஒலிபெருக்கியில் பேஸ் அமுங்கிப்போனால் ஆல்பத்தின் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடுவீர்கள். முதல்முறை பியானோவைக் கேளுங்கள், மறுமுறை பேஸை மட்டும் பின்தொடருங்கள். அது பிடித்துப்போனால், இதே மூவரும் 2024இல் வெளியிட்ட ‘கம்பாஷன்’ ஆல்பத்துக்குச் செல்லலாம். அதில் அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டரின் ‘ஓவர்ஜாய்ட்’ பாடலும் இருக்கிறது.